ஏழடி

கிணற்றுக் கட்டுக்கும் சந்திரமோகனின் வேலிக்கும் இடையில்
ஏழடி கிடந்தது.
கலண்டரில் முடிந்துபோன மார்ச்சைக் கிழித்து
பின்பக்கம் கீறினேன்:
அகலம் ஏழு, நீளம் பதின்மூன்று, உயரம் எட்டு,
மூன்று பக்கம் ஆறு இஞ்சிக் கல்,
முன்பக்கம் முழுக்கத் தகரக் கதவு.

பெரிய கல்லாற்றில் இரும்புக்கு ஆயுள் குறைவு.
கிழக்கே கடல், மேற்கே வாவி,
ஒன்று ஓய்ந்தால் மற்றது ஊதும்.
லீசிங் முடிய இன்னும் இரண்டு வருடம்.
அதற்குள் அல்டோவின் மட்காட் முடிந்துவிடும் போலிருந்தது.

தவமலர் சிவப்புப் பேனையைக் காதில் செருகிக்கொண்டு
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
‘கதவுக்கு இடம் விட்டயளா?’
‘முன்பக்கம் முழுக்கக் கதவுதானே கா.’
என்னை ஒருமுறை பார்த்தாள்.
பிறகு ஆறாம் ஆண்டுக் கொப்பிகளுக்குத் திரும்பிவிட்டாள்.

நூறு சதுர அடிக்கு நூற்றுப் பன்னிரண்டரைக் கல்.
என் சுவருக்கு இருநூற்றுத் தொண்ணூற்றேழு,
உடைசலுக்கு இருபது.
மருதமுனையில், றபாய்தீனின் கல்வாடியில்
ஒன்றைத் தூக்கி முழங்கால் உயரத்திலிருந்து போட்டேன்.
உடையவில்லை.
அவர் பெருமையாக இன்னொன்றை எடுத்து
இடுப்பு உயரத்திலிருந்து போட்டார்.
உடைந்தது.
இரண்டுபேரும் அதைப்பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.
கல்லுக்கு இரண்டு ரூபா குறைத்து எழுதினார்.

ஒன்றரை அடி அத்திவாரம் வெட்ட
மணல் மூன்றடிக்கு வாயைப் பிளந்தது.
வெட்டுவதும் சரிவதுமாக ஒரு பகல் போனது.
மேசன் பூபாலப்பிள்ளை சாக்கை நனைத்துக்
கரைகளில் சாத்தினார், காய்ச்சல்காரனுக்குப் போல.

நிலம் எவ்வளவு உயர்த்துவது?
குசினிச் சுவரில் பழுப்பாய் ஒரு கோடு இருக்கிறது,
வெள்ளம் வந்து நின்ற இடம்.
எத்தனை வெள்ளை அடித்தாலும் மேலே வரும்.
அதற்கு நாலு விரல் மேலே என்றேன்.
தண்ணீர்க் குழாயின் ஒரு நுனி அவர் கையில், மறுநுனி என் கையில்.
‘தண்ணி பொய் சொல்லாது’ என்றேன், எங்கோ கேட்டதை.
அவர் குழாயைச் சுண்டினார்.
‘குமிழி கிடந்தா சொல்லும்.’

பதினோராம் நாள் பின்னேரம்
தகரக் கதவு இரண்டையும் விரியத் திறந்து
முதல் கியரில் ஏற்றினேன்.
நடுவிலே, நூல் பிடித்த மாதிரி,
எந்தச் சுவருக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் நிறுத்தினேன்.
எஞ்சின் ஓய்ந்தது. புதுச் சீமெந்து மணத்தது.
கார்க் கதவைத் திறந்தேன்.
ஒரு சாண்கூட இல்லை.
அதற்குள் கை போனது, தோள் போகவில்லை.
மற்றக் கதவும் அதே அளவு.
இறங்கவேண்டிய மனிதனைத் தவிர
எல்லாவற்றையும் அளந்திருந்தேன்.

கண்ணாடியில் தவமலர் தெரிந்தாள்,
கையில் இன்னும் அந்தச் சிவப்புப் பேனை.
‘நான் கேட்டது இந்தக் கதவை.’

டிக்கியை அவள்தான் திறந்துவிட்டாள்.
சீற்றுக்கு மேலால், கொப்பிக் கட்டுக்கு மேலால்,
ஒரு தேங்காயையும் உருட்டிக்கொண்டு
பின்பக்கத்தால் வெளியே வந்து விழுந்தேன்.
கிணற்றடியில் தலைக்குச் சவர்க்காரம் போட்டபடி நின்ற பூபாலப்பிள்ளை
கண்ணை மூடிக்கொண்டார்.
நுரை போனதா, மரியாதையா, தெரியாது.
பிறகு சொன்னார்:
‘கல்லு பதினேழு மிச்சம் கிடக்கு. உங்கட கணக்குச் சரி.’

இப்போது வாசலிலேயே இறங்கிவிடுகிறேன்.
கியரை நடுவில் விட்டு
இரண்டுபேருமாகத் தள்ளுகிறோம்.
தண்ணீர் ஓடட்டும் என்று மேசன் நிலத்துக்கு வாட்டம் கொடுத்திருக்கிறார்,
விட்டால் கார் திரும்பி எங்கள்மேல் வரும்.
நான் முதுகால் தாங்கி நிற்க
தவமலர் ஓடிப்போய் மிச்சக் கல்லில் ஒன்றைத் தூக்கிவந்து
ரயருக்குப் பின்னால் அண்டை வைக்கிறாள்.

நேற்று மழை பிடித்துக்கொண்டது.
‘வெச்சாச்சா?’ என்றேன்.
‘பொறுங்க, இது உடைஞ்ச கல்லு’ என்றாள்.